மாமன் சாய்ந்த சுவர்

பாண்டீஸ்வரன் பார்த்த வேலை சுவர்களை அழுக்காக்குவது. அதை அப்படியே சொன்னால் ஜெயமங்கலத்தில் யாரும் நம்பமாட்டார்கள் என்பதால் "கம்ப்யூட்டர்ல வேலை" என்று சுருக்கிக்கொள்வான். கேட்டவர்களும் ரேஷன் கார்டில் பேர் சேர்க்க முடியுமா, பரீட்சை மார்க் பார்த்துச் சொல்ல முடியுமா என்று தங்கள் காரியத்துக்குப் போய்விடுவார்கள். அவனுக்கும் அதுதான் நல்லதாகப் பட்டது. பகலெல்லாம் சுவரைப் பார்த்துவிட்டு வந்தவனுக்குச் சுவரைப் பற்றிப் பேசவும் தெம்பு வேண்டுமே.

தேனியில் ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் சங்கரலிங்கம் என்பவர் அந்த ஆபீஸை நடத்தினார். ஏதோ ஒரு குளிர் தேசத்துக் கம்பெனி, பழைய காலத்துக் கம்ப்யூட்டர் விளையாட்டு மாதிரியே புதிதாக ஒன்று செய்துகொண்டிருந்தது. புதுசு செய்கிறவன் புதுசாகச் செய்ய வேண்டியதுதானே என்று கேட்கக் கூடாது. பழசு போல இருந்தால்தான் வாங்குகிறார்களாம். அதில் வருகிற கோட்டைக்கும் குகைக்கும் கப்பலுக்கும் மேலே ஒட்டுகிற தோல் இங்கே தேனியில் தயாரானது. டெக்ஸ்சர் என்று அதற்குப் பெயர். ஒரு டெக்ஸ்சர் என்பது கட்டைவிரல் அகலம் கூட வராத சின்னச் சதுரம். அதற்குள் இத்தனை புள்ளிதான், இத்தனை நிறம்தான் என்று கணக்கு. அதற்குள் நூறு வருஷத்து மழையையும் வெயிலையும் அடைக்க வேண்டும். அதுவும் சாயங்காலம் பஸ் வருவதற்குள்.

அந்தச் சதுரங்கள் மேல் அவனுக்கு ஒரு பிரியம் இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். தொண்ணூற்றாறில் தேனியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் அவன் பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தான். சென்டரில் ஒரே ஒரு மிஷினில் மட்டும் விளையாட்டு இருந்தது. இருட்டுக் குகைக்குள் நடந்து போகிற விளையாட்டு. பக்கத்தில் போய்ப் பார்த்தால் குகைச் சுவர் கட்டம் கட்டமாகச் சிதறிக் கிடக்கும். நாலடி பின்னால் வந்தால் ஈரம் சொட்டுகிற பாறையாகிவிடும். டைப்பிங் படிக்க கூடலூரிலிருந்து வந்துகொண்டிருந்த கயல், ஒருநாள் அதை வாசல் பக்கமிருந்து பார்த்தாள். கண்ணைச் சுருக்கிக்கொண்டு தலையைச் சாய்த்து நின்றாள்.

"பக்கத்துல இருந்தா பிச்சுப்போட்ட சாக்கு மாதிரி இருக்கு. இங்கன நின்னா நெசமாவே செவுரு" என்றாள்.

அவ்வளவுதான், ஆள் விழுந்துவிட்டான். சென்டருக்கு வந்தவர்களில் அதைக் கண்டுபிடித்துச் சொன்னவள் அவள் ஒருத்தி. அந்த வருஷ முடிவுக்குள் இரண்டு பேரும் மாலை மாற்றிக்கொண்டு ஜெயமங்கலம் வந்துவிட்டார்கள்.

கயலுக்கு ஒரே அண்ணன், மலைச்சாமி. கூடலூரில் ஜீப் வைத்து ஓட்டினான். விடியற்காலையில் ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு குமுளி ஏறுவான், பொழுது சாய இறங்குவான். தகப்பன் இல்லாத தங்கச்சிக்குக் கம்பத்தில் திராட்சைத் தோட்டத்துக்காரர் வீட்டில் மாப்பிள்ளை பார்த்துப் பாக்கு வெற்றிலை மாற்றுவதற்கு நாள் குறித்திருந்தான். அந்த நேரத்தில்தான் தங்கச்சி இப்படிச் செய்தாள். பஸ் ஸ்டாண்டில் பத்துப் பேர் பார்க்க அவன் சொன்னது ஊரெல்லாம் பரவியது. "அவ வீட்டு வாசப்படிய மிதிச்சேன்னா என் பேரு மலைச்சாமி இல்ல." சொன்னபடியே இருந்தான். ஓவியா பிறந்தபோதும் வரவில்லை. கூடலூருக்குத் தங்கச்சி வந்தால் அடிக்கவுமில்லை, பேசவுமில்லை. ஜீப்பை எடுத்துக்கொண்டு போய்விடுவான்.

அந்த வீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும், கதையே அதன் முன்னறைச் சுவரில்தான் இருக்கிறது. பாண்டீஸ்வரனின் அப்பா வாழைக் காய் வெட்டிய காசில் கட்டிய வீடு. நீலம் போட்ட சுண்ணாம்பு எப்போதோ அடித்தது. மேலே தளமும் சுவரும் சேருமிடத்தில் ஒரு விரிசல். ஒவ்வொரு ஐப்பசிக்கும் அதன் வழியே தண்ணீர் கசிந்து, மேலே பச்சையும் நடுவில் கறுப்புமாகப் பாசியும் பூஞ்சையும் படர்ந்து, கீழே சுண்ணாம்பு பத்தை பத்தையாகப் பெயர்ந்து நிற்கும். யார் வீட்டுக்கு வந்தாலும் கயல் அந்தப் பக்கம் நாற்காலி போடமாட்டாள்.

ரெண்டாயிரத்தேழில் டெக்ஸ்சர் வேலை ஆரம்பித்தபோது சங்கரலிங்கம் ஒரு கேமரா வாங்கிக் கொடுத்து, ஊருக்குள் போய்ப் பழைய சுவர், துருப்பிடித்த தகரம், எதெல்லாம் நைந்து கிடக்கிறதோ அதையெல்லாம் படம் எடுத்து வரச் சொன்னார். சொல்வது சுலபம். நம் ஊரில் யார் தன் வீட்டு அழுக்கைப் படம் எடுக்க விடுவார்கள்? வைகை அணைப் பக்கம் ஒரு துருப்பிடித்த ஜீப் நின்றது. அனுமதி கேட்டது தப்பாகிவிட்டது. அதன் சொந்தக்காரர் ஒச்சாண்டி "செத்த பொறுங்க தம்பி" என்று போனவர், குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றித் தேய்த்து, பானெட்டில் சந்தனப் பொட்டு வைத்து, ஒரு கதம்ப மாலையும் போட்டு, பக்கத்தில் தானும் தலைவாரி நின்றுகொண்டார். துரு இருந்த கதவை மறைத்து ஒரு துண்டையும் விரித்துவிட்டிருந்தார். பாண்டீஸ்வரன் படம் எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தான். இன்னொரு வீட்டில் சுவரைப் படம் எடுத்ததற்கு, இடிக்க வந்த சர்க்கார் ஆள் என்று ஒரு அம்மாள் விளக்குமாற்றோடு தெருமுனை வரை வந்தாள்.

அப்புறம்தான் அவன் தன் வீட்டு முன்னறைச் சுவரைத் திரும்பிப் பார்த்தான். தடுக்க ஆளில்லாத அழுக்கு அது ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை காலை வெளிச்சத்தில் ஒரே ஒரு படம் எடுத்தான். அதைச் சுருக்கி, நிறம் குறைத்து, ஒரு ஓரம் மறு ஓரத்தோடு தையல் தெரியாமல் சேரும்படி செய்து அனுப்பினான். அந்தக் கம்பெனிக்காரன் ரொம்ப நன்றாக இருக்கிறது, இந்த மாதிரியே நிறைய வேண்டும் என்று எழுதிவிட்டான்.

நிறைய என்றால் எப்படி முடியும்? அங்கேதான் அவனுக்கு அந்த யோசனை வந்தது. அந்தச் சுவரிலிருந்து அழுக்கை மட்டும் பிரித்து, சாம்பல் நிறமாக்கி, 'அழுக்கு' என்றே பெயர் போட்டு ஒரு ஃபைலாக வைத்துக்கொண்டான். இனி எந்தச் சுவர் வந்தாலும் அதை மேலே போர்த்துவான். ஒரு தடவை தலைகீழாக, ஒரு தடவை இடம் வலம் மாற்றி, ஒரு தடவை மெல்லிசாக. ஜன்னலுக்குக் கீழே தண்ணீர் வழிந்த கோடு நாலு, கை படுகிற மூலையில் கொஞ்சம் வெளுப்பு, முடிந்தது. ஒரு நாள் வேலை டீ குடிக்கிற நேரத்துக்குள் வந்துவிட்டது. ராஜாவின் கோட்டையிலும் கடற்கொள்ளைக்காரன் கப்பலிலும் ஜெயமங்கலத்துப் பாசிதான் படர்ந்தது. பழைய படங்களை அப்படியப்படியே விட்டால் கம்ப்யூட்டர் நிரம்பிவிடும் என்று சங்கரலிங்கம் திட்டுவார். அதனால் ஒன்றின் மேலேயே அடுத்ததைச் செய்து சேமித்துவிடுவது ஆபீஸ் பழக்கம். முதல் படம் எது என்று தேடினால் இருக்காது. அனுப்பி முடித்த சின்னச் சதுரங்கள் மட்டும் ஒரு சிடியில் பதிந்து பீரோவுக்குள் போகும்.

வேலை சீக்கிரம் முடிந்தது என்றால் ஆள் சீக்கிரம் வீட்டுக்கு வந்தான் என்று அர்த்தமில்லை. சீக்கிரம் முடிகிறது என்று தெரிந்ததும் வேலையைக் கூட்டிவிட்டார்கள். கண் எரிச்சலோடு பெரியகுளம் வந்து, அங்கிருந்து ஜெயமங்கலம் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து இறங்கினால் கயல் வாசலில் நிற்பாள்.

"பொழுதன்னைக்கும் வெள்ளக்காரன் செவுத்துக்குப் பாசி பூசிட்டு வர்றீக. நம்ம செவுத்துப் பாசியச் சொரண்ட ஒரு நா லீவு கெடைக்க மாட்டேங்குது."

"பொங்கலுக்கு அடிச்சிரலாம் கயலு."

"எந்தப் பொங்கலுக்கு?"

சோம்பல் என்று சொல்லிவிட முடியாது. வாரம் முழுக்கச் சுவரோடு மல்லுக்கட்டியவன் ஞாயிற்றுக்கிழமையும் பிரஷ்ஷோடு ஒரு சுவர் முன்னால் நிற்பதை நினைத்தாலே அவனுக்குக் கை கால் ஓய்ந்து போகும். இன்னொரு படம் தேவைப்பட்டாலும் படும் என்று உள்ளுக்குள் ஒரு சாக்கும் இருந்தது.

ரெண்டாயிரத்தொன்பது ஐப்பசியில் ஓவியா பெரியவளானாள். சடங்கு வைக்க வேண்டும். சடங்கென்றால் தாய்மாமன் சீர். மாமன் வந்து தென்னை ஓலையில் குச்சில் என்கிற சின்னக் குடிசை கட்ட வேண்டும், மாமன் கொண்டு வந்த பட்டைத்தான் பெண் உடுத்த வேண்டும். கயல் கூடலூருக்கு ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினாள். பதில் இல்லை. கடைசியில் ஒன்றுவிட்ட அண்ணன் முறையில் ஒருவரைக் கூப்பிட்டு, பேருக்கு ஒரு குச்சில் கட்டி, வீட்டோடு சின்னதாக முடித்துக்கொள்வதென்று ஆனது. வீடியோ வேண்டாம், போட்டோ மட்டும் போதும் என்று அவளே சொல்லிவிட்டாள். வராத அண்ணனுக்காக வீடியோ எடுத்து என்ன செய்ய?

பந்தி நடந்துகொண்டிருக்கும்போது வாசலில் ஜீப் வந்து நின்றது. மலைச்சாமி இறங்கினான். புது வெள்ளைச் சட்டை, புது வேட்டி. பின்னால் அவன் ஜீப்பில் தோட்டத்துக்கு ஏறுகிற பெண்கள் நாலு பேர் சீர்த்தட்டுகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். சம்சாரம் சோணையம்மாளைக் கூட்டி வரவில்லை. வாசல் படிக்கு முன்னால் ஒரு நிமிஷம் நின்றான். எல்லோரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்துவிட்டான்.

கயலுக்குக் கத்தி அழ வேண்டும் போலிருந்தது. ஆனால் அண்ணனைப் பார்த்ததும் அவள் வாயில் வந்ததோ "அண்ணே, அந்தச் செவுத்துப் பக்கம் நிக்காதீக" என்பதுதான். அதற்குள் அவன் சாய்ந்துவிட்டான். முன்னறையில் வேறு இடமில்லை, கூட்டம். ஓவியா கழுத்தில் மாலையைப் போட்டுவிட்டு, எங்கே நிற்பது என்று தெரியாமல், கூச்சத்தில், அந்த ஈரச் சுவரில் ஒரு பக்கமாகத் தோளைக் கொடுத்து நின்றான். நிமிர்ந்தபோது வலது தோளிலிருந்து முழங்கை வரை புதுச்சட்டையில் பச்சையாகக் கறை. பெண்கள் சிரித்துவிட்டார்கள். மருமகளும் சிரித்தாள். போட்டோக்காரர் ஒரே ஒரு படம் எடுத்தார்: நடுவில் ஓவியா, ஒரு பக்கம் கயல், ஒரு பக்கம் மலைச்சாமி, பின்னால் சுவர்.

மலைச்சாமி சாப்பிடவில்லை. போகும்போது பாண்டீஸ்வரனிடம் பேசினான். பன்னிரண்டு பதிமூன்று வருஷத்தில் அவனிடம் பேசிய ஒரே பேச்சு.

"ஏன் மாப்ள, செவுத்துக்கு ஒரு சுண்ணாம்பாச்சும் அடிக்கக் கூடாதா?"

பாண்டீஸ்வரனுக்கு அன்றைக்கு வந்த வெட்கம் போல எப்போதும் வந்ததில்லை. அடுத்த வாரமே லீவு போட்டான். விரிசலை அடைத்தான், சுவரைச் சுரண்டினான், பட்டி பார்த்து ரோஸ் நிற பெயிண்ட் அடித்தான். இத்தனை வருஷம் இழுத்தடித்த வேலை மூன்றே நாளில் முடிந்துவிட்டது. அதை நினைத்து அவனுக்கு மேலும் வெட்கமாக இருந்தது.

போட்டோ வந்தபோது கயல் அதை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். அண்ணன் வந்துவிட்டான் என்ற சந்தோஷத்தில் பாதி, அவனைக் கொண்டுபோய் எந்தச் சுவர் முன்னால் நிறுத்தினோம் என்ற அவமானத்தில் பாதி.

"ஊரு செவுரையெல்லாம் அழுக்காக்குறீகள்ல. இந்த ஒரு செவுரச் சுத்தமாக்கித் தரப்படாதா?"

இது ஒரு பெரிய வேலையா? போட்டோக்காரர் கொடுத்த சிடியை ஆபீஸுக்கு எடுத்துப் போனான். பின்னால் இருந்த பாசியை அழித்து, ரோஸ் பெயிண்ட்டைப் படம் பிடித்து அங்கே போட்டான். அண்ணன் சட்டையில் இருந்த கறையை வெளுத்தான். கை போன போக்கில், பழக்கத்தில், அந்தப் படத்தின் மேலேயே சேமித்தான். பெரிதாக அச்சடித்துக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொண்டு வந்தபோது கயல் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். முன்பு வந்த சின்னப் படத்தை அவளே கிழித்து அடுப்பில் போட்டாள். அந்தச் சிடியை ஓவியா பாட்டு ஏற்றி வருவதற்குக் கொடுத்து, அது எங்கேயோ போய்விட்டது. போட்டோக்காரரோ மாதம் ஒரு தடவை எல்லாவற்றையும் அழித்துவிடுகிறவர்.

தை மாசம் மலைச்சாமி இறந்துபோனான். ஆளை ஏற்றிக்கொண்டு ஜீப் ஸ்டாண்டிலிருந்து கிளம்பும்போதே மாரைப் பிடித்துக்கொண்டு ஸ்டியரிங்கில் சாய்ந்துவிட்டான்.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போகும்போது கயல் அந்தப் படத்தைத் துணியில் சுற்றி எடுத்துப் போனாள். மதினி கையில் கொடுக்க வேண்டும், அண்ணன் கடைசியாகத் தன் வீட்டில் நின்ற படம் என்று சொல்ல வேண்டும். பெண்கள் கூடியிருந்தார்கள். சோணையம்மாள் அழுது அழுது குரல் இல்லாமல் உட்கார்ந்திருந்தாள். படத்தை வாங்கி நெடுநேரம் பார்த்தாள்.

"இது எந்த மண்டபம் கயலு?"

"மண்டபம் இல்ல மதினி, எங்க வீடு. அண்ணே உள்ள வந்தாக. பிள்ளைக்கு மால போட்டாக."

"வீட்டுக்குள்ள காலு வைக்கலையே. கோயில் மண்டபத்துல வச்சுக் குடுத்துட்டு வந்துட்டேன்னுல்ல எங்கிட்டச் சொன்னாக." சோணையம்மாள் குரலில் சண்டை இல்லை. ரொம்ப அலுத்துப்போன குரல். "அன்னைக்குச் சட்டையில ஒரு பக்கம் பூரா பச்சக் கற. எங்கன போயி சாஞ்சீகன்னு கேட்டேன். கோயில் செவுருன்னாக. ரெண்டு வாட்டி சோப்பு போட்டு அலசியும் போகல. இதுல பாரு, சட்ட வெள்ள வெளேர்னு இருக்கு. இது வேற என்னைக்கோ எடுத்தது ஆத்தா."

கயல் படத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். என்ன சொல்வது? கறை இருந்தது, நான்தான் அழிக்கச் சொன்னேன் என்றா? சுற்றி இருந்தவர்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். மலைச்சாமி சொன்ன சொல் தவறாதவன் என்று ஒரு கிழவர் வெளியே பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தது உள்ளே கேட்டது. அண்ணன் தனக்காக அந்தச் சொல்லைத் தவறினான் என்பதைக் கயலால் அங்கே நிரூபிக்க முடியவில்லை. சீர்த்தட்டு தூக்கி வந்த பெண்கள் வேறு தோட்டத்துக்குப் போய்விட்டார்கள். ஜெயமங்கலத்து ஆட்கள் சொன்னால் கயல் சொல்லிக்கொடுத்துச் சொல்கிறார்கள் என்பார்கள்.

திரும்பும் வழியில் பஸ் சின்னமனூர் தாண்டியது. கயல் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னாள்.

"எனக்கு அந்தப் பழைய செவுரு வேணும்."

பாண்டீஸ்வரன் மறுநாளே செய்தான். இதில்தான் அவன் கெட்டிக்காரனாயிற்றே. படத்தில் ரோஸ் சுவருக்கு மேல் 'அழுக்கு' ஃபைலைப் போர்த்தினான், பச்சை ஏற்றினான், மேலிருந்து நாலு கோடு வழிய விட்டான். அச்சடித்து வந்து காட்டினான். கயல் கையில் கூட வாங்கவில்லை.

"இது யாரு வீட்டுச் செவுரு?"

அந்த அழுக்கு அவள் வீட்டுச் சுவரிலிருந்து பிறந்ததுதான். ஆனால் புரட்டிப் புரட்டிப் போட்டு, கோட்டைக்கும் கப்பலுக்கும் பொருந்துகிற மாதிரி தேய்த்துத் தேய்த்து, இப்போது யார் வீட்டுக்கும் சொந்தமில்லாத அழுக்காகிவிட்டிருந்தது. அவனுக்கு முதல்தடவையாகத் தன் சாமர்த்தியத்தின் மேல் வெறுப்பு வந்தது. சுவரைப் போய்ப் பார்த்து வரையலாம் என்றால் சுவரையும் அவனே சுரண்டிவிட்டான்.

அப்போதுதான் ஆபீஸ் பீரோவில் இருந்த சிடி ஞாபகம் வந்தது. அனுப்பிய சதுரங்களில் முதல் சதுரம், அந்த முன்னறைச் சுவர்.

ஞாயிற்றுக்கிழமை சங்கரலிங்கத்திடம் சாவி வாங்கிக்கொண்டு கயலையும் கூட்டிப் போனான். டயர் கடை மூடியிருந்தது, ரப்பர் வாசம் மட்டும் மாடிவரை வந்தது. சிடியைப் போட்டு அந்தச் சதுரத்தைத் திறந்தான். கட்டைவிரல் அளவு. அதைப் பெரிதாக்கி மலைச்சாமிக்குப் பின்னால் வைத்தான். சுவர் கட்டம் கட்டமாகச் சிதறி நின்றது, மாவு சலிக்கிற சல்லடை போல.

"இவ்வளவுதான் இருக்கு" என்றான். "ஒரு படம்தான் எடுத்தேன். அதையும் சுருக்கிட்டேன். மெழுகி விட்டா கட்டம் தெரியாது, ஆனா செவுரும் தெரியாது."

கயல் எழுந்து வாசல் பக்கம் போனாள். அங்கே நின்று கண்ணைச் சுருக்கித் தலையைச் சாய்த்துப் பார்த்தாள். பாண்டீஸ்வரன் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். தொண்ணூற்றாறில் நின்றவள் ஒடிசலாக இருந்தாள். இவளுக்குக் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

"இதுதான்" என்றாள். "மேல பாருங்க, நம்ம விரிசல். கீழ அந்தச் சுண்ணாம்பு பேந்த எடம். ஒண்ணும் மெழுக வேணாம், அப்படியே இருக்கட்டும்."

சட்டைக் கறைதான் மிச்சம். அதற்கு எங்கேயும் சதுரம் இல்லை. கயல் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, விரலை வைத்துச் சொல்லிக்கொண்டே வந்தாள். இங்கன ஆரம்பிச்சுச்சு. இன்னும் கீழ. தோள்ல அடர்த்தியா, முழங்கைக்கு வர வர லேசா. ரொம்பப் போடாதீக, அண்ணே செத்த நேரந்தான் சாஞ்சாக. அவன் எந்த ஃபைலையும் எடுக்கவில்லை, எதையும் போர்த்தவில்லை. புள்ளி புள்ளியாக வைத்தான். பொழுது போய்க்கொண்டே இருந்தது. இத்தனை வருஷத்தில் ஒரு அழுக்குக்கு அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டதில்லை. பாதியில் அவன் மவுஸை விட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். செத்துப்போனவன் சட்டையில் கறை வைக்கிறோம் என்பதாலா, அவன் கேட்ட அந்த ஒரு கேள்வி ஞாபகம் வந்ததாலா, அவனுக்கே தெரியவில்லை.

"கூடலூர் போயிட்டு வருவமா? மதினிகிட்டக் காட்ட?"

"வேணாம்" என்றாள் கயல். "அன்னைக்கு வெள்ளச் சட்டையோட காட்டுனோம். இன்னைக்குக் கறையோட காட்டுனா, இதையும் ஒம் புருசந்தான் போட்டாரான்னு கேப்பாக. கேட்டா நான் என்னத்தச் சொல்ல? நெசமா வந்தாக, ஆனா கறைய நாங்க போட்டோம்னா?"

அந்தப் படத்தை முன்னறையில், ரோஸ் சுவரிலேயே மாட்டினார்கள். வேறு இடம் அதற்குப் பொருத்தமாகத் தோன்றவில்லை. கயல் வேலை நடுவில் போகும்போதும் வரும்போதும் ஒரு பார்வை பார்த்துக்கொள்வாள். கூடலூரைப் பற்றிய பேச்சை அவள் விட்டுவிட்டாள், அந்தப் பக்கம் போவதையும் விட்டுவிட்டாள்.

ஆவணியில் ஒரு நாள் சோணையம்மாள் வந்தாள். பெரியகுளத்தில் முழங்கால் வலிக்கு ஒரு டாக்டரைப் பார்க்க வந்தவள், பஸ் மாறி இங்கே வந்துவிட்டாள். முன்னே பின்னே சொல்லவில்லை. ஒரு மஞ்சள் பையோடு வாசலில் நின்று, "கயலு" என்று கூப்பிட்டாள். அன்றைக்குப் பாண்டீஸ்வரனும் காய்ச்சல் என்று லீவில் இருந்தான்.

"வாங்க மதினி, உள்ள வாங்க."

சோணையம்மாள் படியில் கால் வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். வாசலிலிருந்து பார்த்தால் நேரே தெரிகிற இடத்தில்தான் படம் இருந்தது. அவ்வளவு தூரத்தில் கட்டமெல்லாம் தெரியாது. ஈரச் சுவர் தெரியும், அதன் முன்னால் வெள்ளைச் சட்டையும் பச்சைக் கறையுமாக மலைச்சாமி தெரிவான்.

"இந்தக் கறதான்" என்றாள். "இதத்தான் ரெண்டு வாட்டி அலசுனேன். தோள்ல இருந்து முழங்கை வரைக்கும். கோயில் செவுருன்னு சொல்லி என்னய ஏச்சுப்புட்டாக பாத்தியா. இங்கனதான் வந்துருக்காக. தங்கச்சி வீட்டுக்கு வந்தேன்னு சொன்னா நான் என்ன கொன்னா போட்டுருவேன்?"

கயல் பாண்டீஸ்வரனைப் பார்த்தாள். பாண்டீஸ்வரன் தரையைப் பார்த்தான். சொல்லியிருக்கலாம். அந்தக் கறையில் ஒரு புள்ளிகூட அன்றைக்குப் பட்டது அல்ல, எல்லாம் நான் வைத்தது என்று சொல்லியிருக்கலாம். அந்த அம்மாள் முகத்தைப் பார்த்த பிறகு அதைச் சொல்ல அவனுக்கு நாக்கு எழவில்லை. கயலும் சொல்லவில்லை. அண்ணன் வந்தது உண்மை. அவளுக்கு அது போதுமென்று இருந்தது, போதவில்லை என்றும் இருந்தது.

சோணையம்மாள் உள்ளே வந்து பையைக் கீழே வைத்தாள்.

"எங்கன சாஞ்சாக?"

கயல் படத்துக்குப் பக்கத்தில் கையை வைத்துக் காட்டினாள். சோணையம்மாள் அங்கே போய்த் திரும்பி, தன் முதுகைச் சுவரில் கொடுத்து, தலையையும் பின்னால் சாய்த்து நின்றாள். கண்ணை மூடிக்கொண்டாள். உள்ளே பால் பொங்கி அடுப்பில் வழிகிற சத்தம் கேட்டும் கயல் அசையவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து சோணையம்மாள் நிமிர்ந்தாள். வலது தோளைத் திருப்பி, சேலையை இழுத்து முன்னால் கொண்டுவந்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கையால் தடவியும் பார்த்தாள்.

"ஒண்ணுமே ஒட்டலையே கயலு" என்றாள்.